ஆறு மாதம் கழித்து வீங்கும் சுண்டு

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் உதட்டுக்குச் சுண்டு என்றுதான் பேர். 'சுண்டு வீங்கியிருக்கு' என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் கைக்கு வருவது செட்ரிசின். வீக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு அவில் ஊசி. மாங்காய் கடித்து வீங்கினாலும் அதுதான், குளவி கொட்டி வீங்கினாலும் அதுதான். ஆறு மாதத்துக்கு முன் திருவனந்தபுரத்திலோ துபாயிலோ உதட்டில் ஃபில்லர், அதாவது உதட்டைப் பருமனாக்கும் ஜெல் ஊசி, போட்டுக்கொண்டு வந்தவருக்கும் அதேதான் கிடைக்கிறது. இந்தப் பதிவு அவருக்காக. கல்யாணத்துக்காகப் போட்டது, கல்யாணமும் முடிந்து ஆல்பமும் வந்தாயிற்று, இப்போது போய் ஏன் வீங்குகிறது என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். உதட்டில் போடும் ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹையலூரானிக் அமில ஜெல். இந்த அமிலம் நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே உண்டு. உடம்பு தானே உண்டாக்கி, ஓரிரு நாளில் தானே கரைத்துவிடும். ஊசியில் வரும் ஜெல் அப்படிச் சட்டென்று கரைந்துவிடக் கூடாது என்பதற்காக, பி.டி.டி.இ. என்ற ரசாயனத்தைக் கொண்டு அதன் இழைகளை ஒன்றோடொன்று கோர்த்திருப்பார்கள். ஒரு மி.லி. ஜெல்லில் 15 முதல் 24 மி.கி. வரை அமிலம் இருக்கும், கூடவே மரத்துப்போவதற்கு 0.3 சதவீத லிக்னோகெய்ன். ஒரு தடவைக்கு உதட்டில் போவது அரை முதல் ஒரு மி.லி. வரை. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தாண்டாது.

'உடம்பில் இருக்கிற பொருள்தானே, அலர்ஜியே வராது' என்று சொல்லிப் போடுகிறார்கள். அது பாதி உண்மை. நீளமான இழை உடம்புக்குள் அமைதியாகக் கிடக்கும். மாதங்கள் போகப் போக ஜெல் சிதைந்து குட்டிக் குட்டித் துண்டுகளாகும். அந்தத் துண்டுகள் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்பக்கூடியவை. கோர்த்த விதமும் கணக்கில் வரும். நீள இழையையும் குட்டை இழையையும் கலந்து கோர்க்கும் வகை ஜெல்களில் இந்தத் தாமத வீக்கம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது.

ஊசி போட்ட அன்றைக்கு வரும் வீக்கத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அது குத்தியதால் வருவது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். நாலு வாரம் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு வருவதைத்தான் தாமத வீக்கம் என்கிறோம். பெரும்பாலும் ஓரிரு மாதத்திலிருந்து ஆறேழு மாதத்துக்குள் வரும். ஓராண்டு கடந்து வந்தவர்களும் உண்டு. வரும் விதமும் வேறு. ஃபில்லர் இருக்கும் இடம் மட்டும் கனக்கும், தொட்டால் இறுகியிருக்கும், லேசாகச் சிவந்து வலிக்கும். பலருக்குக் காலையில் எழும்போது கூடுதலாகவும் சாயங்காலம் குறைந்தும் இருக்கும். இரண்டு நாள் அடங்கி மறுபடி தலைதூக்குவதும் இதன் குணம்.

பல சமயம் இதைக் கிளப்பி விடுவது வேறொரு நோய். சளிக் காய்ச்சல், சைனஸ், சொத்தைப் பல்லில் சீழ், வேர் சிகிச்சை, சில சமயம் தடுப்பூசி. உடம்பு எதையோ எதிர்க்கக் கிளம்பும்போது, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த ஜெல்லையும் சேர்த்துத் தாக்குகிறது. 2020 டிசம்பரில் மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வில், முன்பே ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கியதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குறித்து வைத்தது. மூன்று பேருக்கும் சரியாகிவிட்டது. அதனால் ஃபில்லர் இருக்கிறது என்று தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தடுப்பூசிக்கும் ஃபில்லருக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டால் போதும்.

செட்ரிசினும் அவிலும் ஏன் கேட்பதில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. அவை ஹிஸ்டமின் என்ற, அலர்ஜியில் உடனே அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் பொருளைத் தடுக்கும் மருந்துகள். இந்த வீக்கத்தில் வேலை செய்வது ஹிஸ்டமின் அல்ல, டி வகை வெள்ளணுக்கள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை செய்பவர்களுக்கு இது புரியும். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டால் உடனே ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கை சிவந்து, தடித்து, தோல் உரியும். அதே டி அணுக்களின் வேலைதான் அதுவும். வந்து சேர நேரமாகும், வந்தால் லேசில் போகாது.

அண்டி என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஃபில்லர் போட்ட உதடு வீங்கினால் குற்றம் ஃபில்லருடையதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாங்காய்த் தோலிலும் காம்புப் பாலிலும் அண்டி எண்ணெய்க்கு உறவான பொருள்கள் இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் மாங்காயைத் தோலோடு கடித்துத் தின்றவருக்கு உதட்டைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் கொப்புளமும் வரும். ஒருமுறை அண்டி எண்ணெய்க்கு ஒவ்வாமை பிடித்துவிட்ட உடம்பு மாங்காய்க்கும் சேர்த்தே கோபப்படும். அது உதட்டின் மேல்தோலில் நடக்கும் சங்கதி. வெடிப்பு, செதில், எரிச்சல் எல்லாம் வெளியே தெரியும், உள்ளே உருட்டிப் பார்த்தால் கட்டி இருக்காது. லிப்ஸ்டிக், லிப் பாம், பட்டையும் புதினாவும் கலந்த பற்பசை இவற்றாலும் அப்படியேதான் வரும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவுங்கள். அதற்கும் பிடிபடாவிட்டால் தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டுவார். 48 மணி நேரத்தில் ஒருமுறையும் 96 மணி நேரத்தில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் பார்த்துச் சொல்லும் சோதனை இது அல்ல.

பிரஷர் மாத்திரையையும் மறக்க வேண்டாம். ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் உதட்டையும் நாக்கையும் திடீரென்று வீங்க வைக்கும். தொடங்கிய வாரத்திலும் வரலாம், ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் வரலாம். அரிப்பு இருக்காது, கட்டி இருக்காது, ஃபில்லர் போடாத உதடும் சேர்ந்து உப்பும். இதற்கும் அவில் கேட்காது. நாக்கோ தொண்டையோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஐம்பது வயதில் ஃபில்லர் போட்டுக்கொள்பவர்கள் இப்போது நிறைய. அவர்களின் மாத்திரை டப்பாவைப் பார்க்காமல் ஃபில்லர் மீது பழி போடுவது சரியல்ல.

உதட்டோரம் சுருக் சுருக்கென்று ஆரம்பித்துச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் ஹெர்ப்பிஸ். அதற்கு வேண்டியது வைரஸ் மருந்து, ஸ்டீராய்டு அல்ல. முன்பு இப்படி வந்து பழக்கமுள்ளவர்கள் ஃபில்லர் போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் எழுதிக் கொடுப்பார்கள்.

உதட்டை நீங்களே பார்த்துக்கொள்வது எப்படி? சோப்பு போட்டுக் கை கழுவி, பெருவிரலை உதட்டின் உள்பக்கமும் சுட்டுவிரலை வெளிப்பக்கமும் வைத்து, இடதிலிருந்து வலமாக மெல்ல உருட்டுங்கள். பட்டாணி மாதிரி தட்டுப்படுகிறதா, எத்தனை, எந்த இடம், அழுத்தினால் வலிக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். கட்டி கரையட்டும் என்று பிசைய வேண்டாம். சூடாகச் சிவந்திருக்கும் கட்டியைப் பிசைந்தால் உள்ளே தொற்று இருந்தால் பரவும். போட்டோ எடுப்பதானால் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காலையும் மாலையும். மருத்துவரைப் பார்க்கும் அன்று வீக்கம் வடிந்திருப்பது சாதாரணம். அப்போது இந்தப் படங்கள்தான் பேசும்.

துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், தலைக்கு ஒரு தலையணை கூடுதல், சூடும் காரமும் குறைவு. வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவே. ஆவி பிடிப்பது, சுண்ணாம்பு தடவுவது, பூண்டு தேய்ப்பது வேண்டாம். பெட்னோவேட் மாதிரி ஸ்டீராய்டு க்ரீமும் வேண்டாம். மேலே தடவுவது உள்ளே ஜெல் இருக்கும் ஆழத்துக்குப் போகாது. உதட்டுத் தோல் மெலிவதும் வாயைச் சுற்றிச் சிவப்புப் பரு வருவதும்தான் மிச்சம்.

ஜூன், ஜூலை மழையில் காய்ச்சலோடு சுண்டும் வீங்கினால் இப்யூபுரூஃபனையோ டைக்ளோஃபினாக்கையோ தானாக வாங்கி விழுங்காதீர்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அவை ஆகாது, ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் போதும்.

இப்போது காத்திருக்கவே கூடாதவை. நாக்கு தடித்தல், குரல் மாறுதல், மூச்சு வாங்குதல், எச்சில் விழுங்க முடியாமல் போதல் என்றால் நேரே அவசரப் பிரிவு, 108. அதே போல, ஊசி போட்ட நேரத்திலோ அடுத்த ஓரிரு நாளிலோ உதடு வெளுத்தாலும், வலை மாதிரி நீலம் பூத்தாலும், போட்ட அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தாலும், ஜெல் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் சிவப்பு திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகும். உதட்டுக்குப் போகும் தமனி பெரும்பாலும் உள்பக்கச் சவ்வுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது, ஊசி அதற்குள் போய்விடுவது அரிதானாலும் நடக்கக்கூடியது. அடைப்புக்கு ஹையலூரானிடேஸ் என்ற, ஜெல்லைக் கரைக்கும் மருந்தை நூற்றுக்கணக்கான அலகில் போட வேண்டும். உதட்டளவு இடத்துக்கு ஒரு தடவைக்குச் சுமார் 500 அலகு, நிறம் திரும்பும்வரை மணிக்கொரு முறை. பார்வை மங்கினால் அது இன்னும் அவசரம். போட்ட இடத்தில் மருந்து கையிருப்பு இல்லையென்றால் கண் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கண் அறுவைக்கு மரக்கச் செய்யும் ஊசியில் இதைக் கலப்பதால் பெரும்பாலும் அங்கே இருக்கும். திருவனந்தபுரம் போகும் வழியில் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மாட்டி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பதைவிட இது மேல்.

தாமத வீக்கம் அத்தனை அவசரம் இல்லை. ஆனால் சரியான ஆளிடம் போக வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் இருக்கும் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. கையில் கொண்டுபோக வேண்டிய முக்கியமான பொருள் ஃபில்லர் பெட்டியில் வந்த ஸ்டிக்கர். அதில் பொருளின் பேரும் லாட் நம்பரும் காலாவதித் தேதியும் இருக்கும். ஒன்றை உங்கள் சீட்டில் ஒட்டிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போட்ட இடத்துக்கு போன் செய்து கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. போட்ட தேதி, எத்தனை மி.லி., ஊசியா கேனுலாவா (முனை மழுங்கிய மெல்லிய குழாய்), அதற்கு முன் வேறு எப்போதாவது எதையாவது போட்டதுண்டா என்பதும் வேண்டும். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மை சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் சிலிக்கோனோ பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் துகளோ போட்டிருந்தால் முழுச் சிகிச்சையும் மாறும். அவை ஹையலூரானிடேஸுக்குக் கரையாது, வருடங்கள் கழித்தும் கட்டி கட்டும். என்ன போட்டார்கள் என்றே தெரியாதவர்களுக்கு, உயர் அலைவரிசை அல்ட்ராசவுண்டில் ஜெல் எங்கே, எந்த வகை, சுற்றிலும் சீழ் இருக்கிறதா என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும். பியூட்டி பார்லரில் ஊசியே இல்லாமல் பேனா போன்ற கருவியால் அடித்துவிட்டவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்தக் கருவிகளைப் பற்றி 2021 அக்டோபரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்துவிட்டது. எவ்வளவு ஆழம் போனது, உள்ளே என்ன போனது என்பதற்குக் கணக்கே இல்லாத வேலை அது.

மருத்துவருக்கு முன் இருக்கும் பெரிய கேள்வி, இது வெறும் ஒவ்வாமையா, கிருமியா என்பதுதான். ஊசியோடு உள்ளே போன கிருமி ஜெல்லின் மேல் பாசிபோல் படலம் கட்டி மாதக்கணக்கில் தூங்கும். அந்தப் படலத்துக்குள் மருந்தும் சரியாக நுழையாது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் பல தடவை ஒன்றும் வளராது. கட்டி மெத்தென்று நீர்கோத்தால் ஊசியால் உறிஞ்சிக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். அப்போது காசநோய்க் கிருமிக்கும் அதன் உறவுக் கிருமிகளுக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்த முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆறாத புண், ஒன்று போய் ஒன்று வரும் கட்டி இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே சரி.

கிருமிச் சந்தேகம் இருக்கும்போது முதலில் ஆன்டிபயாடிக். வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. அல்லது கிளாரித்ரோமைசின் 500 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு முதல் ஆறு வாரம். ஐந்து நாள் சாப்பிட்டு வீக்கம் வடிந்ததும் நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. வீக்கம் திரும்ப வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம். டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கிளாரித்ரோமைசின் எழுதும்போது கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள், சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடினோடு அது ஒத்துப்போகாது. காசநோய் இருக்கலாம் என்ற நிலையில் லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் வகையை முதலில் எடுக்காமல் இருப்பது நல்லது. அது காசநோயைக் கொஞ்சம் அடக்கி மறைத்துவிடும்.

ஸ்டீராய்டு மாத்திரை இரண்டே நாளில் உதட்டைப் பழையபடி ஆக்கிவிடும். அதனாலேயே அதற்குப் பயப்பட வேண்டும். அடியில் கிருமி இருந்தால் வீக்கம் மட்டும் அடங்கி, நிறுத்திய வாரமே இரட்டிப்பாக வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு எகிறும். கிருமி இல்லை என்று ஓரளவு உறுதியான பிறகு, அல்லது ஆன்டிபயாடிக் உடன் இருக்கும்போது, படிப்படியாகக் குறைக்கும் கணக்கோடு எழுதித் தந்தால் சாப்பிடலாம். இறுகிய கட்டிக்குள் நேரடியாக டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. அளவு மிஞ்சினால் அந்த இடம் குழி விழும்.

கடைசியாக, கரைக்கும் ஊசி. ஹையலூரானிடேஸ் ஜெல்லின் இழைகளை வெட்டும் என்சைம். நம் ஊரில் 1500 அலகுக் குப்பியாகக் கிடைக்கிறது. 10 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 150 அலகு. 0.1 மி.லி. ஜெல்லுக்குச் சுமார் 5 அலகு என்பது பழைய கணக்கு. நெருக்கமாகக் கோர்த்த ஜெல்லுக்கும் பழைய கட்டிக்கும் அது போதாது, கூடுதலாகவும் இரண்டு மூன்று தடவையாகவும் போட வேண்டிவரும். சீழோ தொற்றோ இருக்கும் இடத்தில் ஆன்டிபயாடிக் தொடங்காமல் இதைப் போட்டால், வெட்டிய வழியிலேயே கிருமியும் பரவும். உதடு ஒரே நாளில் சுருங்கிவிட்டதே, சொந்தச் சதையும் போயிற்றோ என்று பயப்படுபவர்கள் உண்டு. நம் சொந்த அமிலத்தை உடம்பு சில நாளில் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும்.

இதில் மார்த்தாண்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1920களில் வொய்.எம்.சி.ஏ. தேனீப் பெட்டியைப் பரப்பியதிலிருந்து இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு தேனீ பழக்கம். ரப்பர் தளிர்க்கும் காலத்தில் பெட்டியைத் தோட்டம் தோட்டமாக மாற்றி வைப்பவர்களுக்குக் கொட்டு வாங்காத வருடமே இருக்காது. தேனீ விஷத்திலும் குளவி விஷத்திலும் ஹையலூரானிடேஸ் இருக்கிறது. கொட்டிய இடம் மட்டும் வீங்குபவர்களுக்குக் கவலை குறைவு. கொட்டியதும் உடம்பு முழுக்கத் தடித்து, மூச்சு முட்டி, மயங்கியவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவசரம் இல்லாத கட்டிக்குப் போடுவதானால் முதலில் முன்கையில் தோலுக்குள் 0.05 மி.லி., அதாவது மேலே சொன்ன கலவையில் ஏழெட்டு அலகு போட்டு அரை மணி நேரம் பார்ப்பார்கள். தடிப்பும் அரிப்பும் பரவினால் அந்த மருந்து வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்புக்கு மட்டும் சோதனைக்காகக் காத்திருக்க முடியாது. அப்போது கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருக்க, நேரடியாகப் போடுவார்கள்.

மறுபடி ஃபில்லர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அதே பொருள் வேண்டாம். வேறு பொருளானாலும், கட்டி முழுக்கப் போய், மருந்தெல்லாம் நிறுத்திய பிறகும் சில மாதம் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். இரண்டாவது தடவை உதடு வீங்கியவர்கள் நிறுத்திக்கொள்வதே எங்கள் கருத்து. இதுவரை வராதவர்கள், பல் வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் விடுங்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும் வாரம் போகாதீர்கள். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். கல்யாணத்துக்கு என்றால் குறைந்தது எட்டு வாரம் முன்பு. ஆவணியில் முகூர்த்தம் என்றால் ஆனியிலேயே முடித்துவிட வேண்டும், ஆடிக் கடைசியில் ஓடக் கூடாது. கல்ஃபிலிருந்து லீவுக்கு வருபவர்கள் அங்கே போட்டுக்கொண்டால், கிளம்பும் முன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அந்த லாட் நம்பர் இங்கே இருக்கும்.